லேசி ஐக்கு விஷன் தெரபி: ஆறு வயசு பொண்ணுக்கும் 35 வயசு அப்பாவுக்கும் ஒரே பதில் கிடையாது

கேள்வி கொஞ்சம் நீளம், அதனால சுருக்கி சொல்லிட்டு பதிலுக்கு வர்றேன். கேட்டவங்க கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பொண்ணுக்கு ஆறு வயசு, ஸ்கூல்ல கண் செக் பண்ணப்ப தான் இடது கண்ணுல பார்வை கம்மின்னு தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில சொட்டு மருந்து போட்டு பாத்து வலது கண் பவர் +1, இடது கண் +4.5, கண்ணாடி போட்டும் இடது கண் 6/24 தான் (6/6 தான் சரியான பார்வை, 6/24ன்னா 24 மீட்டர்ல தெரிய வேண்டியது 6 மீட்டர்ல தான் தெரியும்), லேசி ஐ, அதாவது மூளை பழகாததால ஒரு கண்ணுல பார்வை கம்மின்னு சொல்லி கண்ணாடியும், நல்ல கண்ண மூட தினம் ரெண்டு மணி நேரம் பேட்ச்சும் எழுதி கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள ஒரு விஷன் தெரபி சென்டர்ல, பேட்ச் எல்லாம் பழைய முறை, எங்க கம்ப்யூட்டர் தெரபி மூணு மாச பேக்கேஜ் எடுத்தா பேட்ச்சே வேணாம், அப்பாவுக்கும் சேர்த்து பண்ணிடலாம்னு சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு 35 வயசு, சின்ன வயசுல இருந்தே மாறுகண், அந்த கண்ணுல பார்வையும் கம்மி. வீட்டுல ரெண்டு வயசு பையனும் இருக்கான். எதை நம்புறது, பணம் கட்டலாமா, இதான் கேள்வி.

நான் பாண்டியில ஆப்டோமெட்ரிஸ்ட்டா, அதாவது கண் பரிசோதனை பண்ணி பவர் பாக்குறவனா வேலை பாக்குறவன், பசங்க கண் தான் பெரும்பாலும் பாக்குறேன், அந்த அளவுல சொல்றேன். உங்க பொண்ண நான் நேர்ல பாக்கல, அதனால உங்க டாக்டர் சொன்னத மாத்துற மாதிரி எதுவும் இதுல எடுத்துக்காதீங்க. பொண்ணுக்கு கண்ணாடியும் பேட்ச்சும் தான் வைத்தியம், தெரபி வேணும்னா அது கூட சேர்ற ஒண்ணு, அதுக்கு பதிலா வர்றது இல்ல. அப்பா விஷயம் வேற, அதை பின்னாடி தனியா சொல்றேன்.

முதல்ல, இத்தனை நாள் கவனிக்காம விட்டுட்டோமேன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதை விடுங்க. வலது கண் நல்லா இருக்கிறதால பொண்ணு எல்லாத்தையும் அந்த கண்ணுல தான் பாத்துட்டு இருந்திருக்கா, டிவி பாக்குறா, கலர் அடிக்கிறா, தரையில கிடக்கிற ஊசிய கூட எடுத்து குடுப்பா, வீட்டுல யாருக்கும் சந்தேகம் வரவே வராது. மாறுகண் இருந்தாலாவது வெளிய தெரியும், ரெண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசமா இருக்கிற கேஸ்ல வெளிய ஒண்ணுமே தெரியாது, ஒரு கண்ண மூடி டெஸ்ட் பண்ணா தான் மாட்டும். ஸ்கூல்ல மாட்டினது நல்லதா போச்சு, அதுவும் ஆறு வயசுல.

என்ன நடந்திருக்குன்னா, இடது கண்ணுல இருந்து மூளைக்கு போற படம் சின்ன வயசுல இருந்தே மங்கல். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா தெளிவா பேசுறவங்க குரல மட்டும் காதுல வாங்கி இன்னொருத்தர விட்டுடுறோம்ல, அதே மாதிரி மூளை வலது கண் படத்த மட்டும் எடுத்துக்கிட்டு இடது கண்ண ஓரங்கட்டிடுது. கண்ணுல நோய் கிடையாது, நரம்பு விழித்திரை எல்லாம் சரியா இருக்கும், அதனால தான் கண்ணாடி போட்ட உடனே 6/6 வந்துடல, மூளை அந்த கண்ணுல பாக்க பழகல. ஹூபல், வீசல்னு ரெண்டு பேர் 1960கள்ல பூனைக்குட்டிங்க கண்ண மூடி வெச்சு பண்ண ஆராய்ச்சியில தான் இது புரிஞ்சது. சின்ன வயசுல ஒரு கண் மூடி இருந்தா மூளையில அந்த கண்ணுக்கான இடத்த இன்னொரு கண் பிடிச்சுக்குது, அதே வேலைய பெரிய பூனைக்கு பண்ணா அப்படி ஆகல. 1981ல அவங்களுக்கு நோபல் பரிசு. ஏழு எட்டு வயசுக்குள்ள பாத்துடணும்னு டாக்டருங்க அவசரப்படுத்துறது இதனால தான்.

இப்ப கண்ணாடி. எல்லாரும் பேட்ச்ச பத்தியே கேக்குறாங்க, கண்ணாடிய சாதாரணமா எடுத்துக்கிறாங்க, ஆனா உங்க பொண்ணு மாதிரி கேஸ்ல பாதி வைத்தியம் அதுலயே இருக்கு. அமெரிக்காவுல பெடிக்னு ஒரு குழு, பசங்க கண் நோய்க்குன்னே பல ஆஸ்பத்திரி சேர்ந்து ஸ்டடி பண்றவங்க, 2006ல ஒண்ணு போட்டாங்க. பவர் வித்தியாசத்தால வந்த லேசி ஐ பசங்களுக்கு வெறும் கண்ணாடி மட்டும் குடுத்து பாத்தாங்க, நாலுல மூணு பேருக்கு சார்ட்ல ரெண்டு லைன் இல்ல அதுக்கு மேல ஏறுச்சு, கால்வாசி பேருக்கு லேசி ஐயே சரியா போச்சு, பேட்ச் ஒட்டாமலே. அதனால கண்ணாடி எந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் மூக்கு மேல இருக்கணும், ஸ்கூலுக்கு மட்டும் போட்டுட்டு வீட்டுக்கு வந்து கழட்டி வைக்கிறது வேலைக்கு ஆகாது. கண்ணாடி போட்டா பவர் ஏறும், கண் கெட்டுடும்னு மாமியார் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, ப்ளஸ் பவர் இருக்கிற இந்த கண்ணுக்கு கண்ணாடி போடாம விட்டா தான் கெடும். மாறுகண் அதிர்ஷ்டம்னு சொல்றதும் நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டத்தால தான் சின்ன வயசுல வைத்தியம் பாக்காம விட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன், மாமியார் கிட்ட இதை பக்குவமா சொல்லிக்கோங்க.

ஃப்ரேம் வாங்கும்போது பெரியவங்க ஃப்ரேம சின்னதாக்கி மாட்டி விடாதீங்க, மூக்குல இருந்து வழுக்கி இறங்கிச்சுன்னா பொண்ணு கண்ணாடிக்கு மேல பாப்பா, அவ்ளோ தான். நம்ம கடலோர வேர்வைக்கு காதுக்கு பின்னாடி மாட்டுற ஸ்ட்ராப் ரொம்ப உதவும். லென்ஸ் பாலிகார்பனேட் கேளுங்க, சுலபத்துல உடையாது, கொஞ்சம் விலை கூட, ஆனா ஒரு கண்ண மட்டுமே நம்பி இருக்கிற குழந்தைக்கு அது வேணும்.

அடுத்து பேட்ச். சென்டர்ல பழைய முறைன்னு சொன்னது உண்மை தான், ரொம்பவே பழசு, பூஃபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1743லயே நல்ல கண்ண மூடி வெச்சா மோசமான கண் தேறும்னு எழுதியிருக்கார். பழசுங்கிறதுக்காக வேலை செய்யாதுன்னு ஆகிடாது, லேசி ஐக்கு இருக்கிற வைத்தியத்துலயே அதிகமா சோதிச்சு பாத்தது இது தான். முன்னாடி எல்லாம் நாள் முழுக்க ஒட்டி வைப்பாங்க, குழந்தை பாவம் ஸ்கூல்ல ஒண்ணுமே தெரியாம உக்காந்திருக்கும். 2003ல அதே பெடிக் குழு ஏழு வயசுக்குள்ள பசங்கள வெச்சு பாத்ததுல, உங்க பொண்ணு மாதிரி நடுத்தர அளவு லேசி ஐக்கு 2 மணி நேரம் ஒட்டினாலும் 6 மணி நேரம் ஒட்டினாலும் முன்னேற்றம் ஒண்ணு தான்னு வந்தது. பார்வை இன்னும் மோசமா இருக்கிற பசங்களுக்கு 6 மணி நேரமும் முழு நாளும் ஒண்ணு தான். உங்க டாக்டர் 2 மணி நேரம் எழுதினது இதை வெச்சு தான், கம்மியா எழுதிட்டாங்களோன்னு பயப்பட வேணாம், நீங்களா கூட்டவும் வேணாம். அதிகமா ஒட்டி நல்ல கண்ணோட பார்வை இறங்கின கேஸும் உண்டு, அதுக்கு தான் ரிவ்யூவுக்கு தவறாம வர சொல்றாங்க.

கண்ணாடியும் பேட்ச்சும் ஒண்ணாவே ஆரம்பிக்கலாமா, கண்ணாடிய மட்டும் கொஞ்ச மாசம் போட்டு பாக்கலாமான்னு டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருந்தது. 2024ல ஐரோப்பாவுல முடிஞ்ச ஒரு ஸ்டடியில 18 வாரம் கண்ணாடியோட காத்திருந்து பேட்ச் ஆரம்பிச்ச பசங்கள விட, 3 வாரத்துலயே ஆரம்பிச்சவங்க நிறைய பேருக்கு நல்லா வந்திருக்கு. ரெண்டு வழியும் தப்பில்ல, உங்களுக்கு எழுதினது அதுல வேகமான வழி.

பேட்ச்ச எப்படி ஒட்ட வைக்கிறதுங்கிறது தான் உண்மையான போராட்டம், ஆஸ்பத்திரியில அஞ்சு நிமிஷத்துல சொல்லி அனுப்பிடுவாங்க, வீட்டுல அம்மா தான் மாட்டிக்குவாங்க. தோல்ல நேரா ஒட்டுற பேட்ச் தான் சரி, கண்ணாடி மேல மாட்டுற துணி பேட்ச்ல பொண்ணு மூக்கு ஓரமா எட்டி பாப்பா. ஏப்ரல் மே வெயில்ல மத்தியானம் ஒட்டினா வேர்வையில பிஞ்சு வந்துடும், தோலும் சிவந்து போகும், அதனால காலையில ஸ்கூலுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம், சாயங்காலம் குளிச்சுட்டு ஃபேன் கீழ உக்காந்து மீதி நேரம்னு பிரிச்சுக்கலாம். கழட்டும்போது தேங்கா எண்ணெய் ஓரத்துல தடவி கழட்டுங்க, மறுபடி ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த எண்ணெய் பிசுபிசுப்ப கழுவிடுங்க இல்லனா ஒட்டாது. முதல் வாரம் அழுவா, நல்லா தெரியிற கண்ண மூடினா யாரா இருந்தாலும் அழுவாங்க. அந்த வாரம் மட்டும் பிடிச்ச கார்ட்டூன் பேட்ச் நேரத்துல மட்டும் தான்னு வெச்சுக்கோங்க. பக்கத்துல பாக்கிற வேலை தான் குடுக்கணும்னு முன்னாடி சொல்லுவாங்க, 2008ல அதையும் சோதிச்சு பாத்தாங்க, கிட்ட பாக்கிற வேலைக்கும் தூர பாக்கிற வேலைக்கும் பெரிசா வித்தியாசம் வரல, அதனால டிவின்னாலும் பரவாயில்ல. ஆனா என்னை கேட்டா புள்ளி வெச்சு கோலம் போடுறது, மணி கோர்க்கிறது, பல்லாங்குழி, கேரம் இதெல்லாம் குடுங்கன்னு சொல்லுவேன், குழந்தை பேட்ச்ச மறந்துடும், அது தான் இதுல லாபம். பேட்ச்சோட தெருவுல சைக்கிள் ஓட்ட மட்டும் விடாதீங்க.

சுத்தமா ஒட்ட விடலன்னா அதுக்கு மாற்று அட்ரோபின் சொட்டு மருந்து, நல்ல கண்ணுல போட்டு அந்த கண்ண மங்க வைக்கிறது. 2002ல பேட்ச்சையும் அட்ரோபினையும் ஒப்பிட்டப்ப ஆறு மாசத்துல ரெண்டுலயும் சுமார் 3 லைன் ஏறுச்சு. சனி ஞாயிறு மட்டும் போட்டாலே தினம் போடுற அளவுக்கு பலன் இருக்குன்னு 2004ல வந்தது. வெயில்ல கண் கூசும், முகம் சிவந்து காய்ச்சல் மாதிரி சுட்டா உடனே நிறுத்திட்டு டாக்டருக்கு போன் பண்ணணும், பாட்டில் உங்க சின்னவன் கைக்கு எட்டவே கூடாது, வாயில போனா விஷம். டாக்டர் சொல்லாம மெடிக்கல்ல வாங்கி நீங்களா போட வேணாம்.

இப்ப நீங்க கேட்ட விஷன் தெரபி. இந்த ஒரே பேர்ல நாலஞ்சு விதமான சரக்கு விக்குது, குழப்பமே அங்க தான் ஆரம்பிக்குது. பாண்டியில கண் பயிற்சின்னு சொன்னா நிறைய பேருக்கு அரவிந்தர் ஆசிரமத்தோட கண் பயிற்சி பள்ளி தான் ஞாபகம் வரும், அங்க இருக்கிறது அமெரிக்க டாக்டர் வில்லியம் பேட்ஸ் 1920 வாக்குல பரப்பின வழி, கண்ண உள்ளங்கையால பொத்துறது, காலை வெயில்ல கண்ண மூடி நிக்கிறது இப்படி. கண்ணுக்கு ஓய்வா இருக்கும், ஆனா லேசி ஐக்கு அது வைத்தியம் இல்ல, +4.5ம் அதுல குறையாது, ஏன்னா பவர் வர்றது கண் உருண்டையோட அளவால. ஆஸ்பத்திரியில ஆர்த்தாப்டிக்ஸ்னு பண்றது வேற பரம்பரை, 19ம் நூற்றாண்டுல எமில் ஜவால்னு இன்னொரு பிரெஞ்சு டாக்டர் மாறுகண்ணுக்கு ஸ்டீரியோஸ்கோப், அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் தனி படம் காட்டுற கருவி வெச்சு ஆரம்பிச்சது. அதுல ஒரு பயிற்சிக்கு நல்ல ஆதாரமே இருக்கு, கிட்ட படிக்கும்போது ரெண்டு கண்ணும் உள்பக்கம் சேராம தலைவலி வருதே, கன்வெர்ஜன்ஸ் இன்சஃபிஷியன்சி, அதுக்கு கிளினிக்ல 12 வாரம் பயிற்சி குடுத்தா முக்கால்வாசி பசங்களுக்கு சரியாகுது, இல்ல கணிசமா குறையுதுன்னு 2008ல நிரூபிச்சாங்க. சென்டர்காரங்க ஆராய்ச்சி இருக்குன்னு காட்டுற பேப்பர் பல நேரம் இது தான், அது வேற பிரச்சனை, உங்க பொண்ணுக்கு இல்ல.

லேசி ஐக்குன்னு வர்ற கம்ப்யூட்டர் தெரபி, சிவப்பு பச்சை கண்ணாடி போட்டு கேம் விளையாடுறது, ஒவ்வொரு கண்ணுக்கும் வேற வேற படம் காட்டி மூளைய ரெண்டையும் சேர்த்து பாக்க வைக்கிறது, நல்ல கண்ணோட படத்த மங்கலாக்கி மோசமான கண் படத்த பளிச்சுனு காட்டுவாங்க. யோசனை அருமையானது, எனக்கும் இதுல ஆர்வம் உண்டு. ஆனா 2016ல ஐபேட்ல தினம் ஒரு மணி நேரம் இந்த மாதிரி கேம் ஆடின பசங்கள 2 மணி நேரம் பேட்ச் ஒட்டின பசங்களோட ஒப்பிட்டாங்க, கேம் பேட்ச்ச விட மேலன்னு வரல, முக்கியமா பசங்களுக்கு கொஞ்ச வாரத்துல போரடிச்சு ஆடவே இல்ல. 2021ல மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்கிற அமெரிக்க எஃப்டிஏ, லூமினோப்பியான்னு ஒரு கருவிய 4ல இருந்து 7 வயசு பசங்களுக்கு அனுமதிச்சது, ஹெட்செட்ல கார்ட்டூன் பாக்கிற மாதிரி, 12 வாரத்துல 1.8 லைன் ஏறுச்சு, வெறும் கண்ணாடி போட்டவங்களுக்கு 0.8 லைன். நல்ல முன்னேற்றம் தான், ஆனா ஒப்பிட்டது கண்ணாடியோட, பேட்ச்சோட இல்லங்கிறத கவனிங்க. அதனால பேட்ச்சே வேணாம்னு எவனாவது அடிச்சு சொன்னா அதுக்கு ஆதாரம் இல்ல. பேட்ச்சும் ஒட்டு, வாரம் ரெண்டு நாள் இங்க வந்து ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்கிற பயிற்சியும் எடுன்னு சொன்னா அது நியாயமான பேச்சு, கையில பணம் இருந்தா, குழந்தைக்கு பிடிச்சிருந்தா, பண்ணலாம். லெவோடோப்பா மாதிரி மாத்திரை குடுத்தாங்கன்னா வேணாம்னு சொல்லிடுங்க, 2015ல சோதிச்சதுல பேட்ச்சோட சேர்த்து குடுத்தும் பெரிசா ஒண்ணும் கூடல.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த சென்டர்ல சில விஷயம் கேளுங்க. கண்ணாடி இல்லாம பண்ணிடலாமா? ஆமான்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. பார்வை ஏறுச்சுன்னு எதுல அளப்பீங்க? லேசி ஐ இருக்கிறவங்க ஒத்தை எழுத்த காட்டினா படிச்சுடுவாங்க, அதே எழுத்து வரிசையா நெருக்கி இருந்தா குழம்பிடும், அதனால ஒத்தை எழுத்துல அளந்து ரெண்டு லைன் ஏறிடுச்சுன்னு காட்டுறது சுலபம், வரிசையில தான் அளக்கணும், அதே கண்ணாடியோட. மூணு மாசத்துக்கு மொத்தமா கட்டணுமா, மாசா மாசம் கட்டலாமா? ரெண்டு மாசம் ஒண்ணும் ஏறலன்னா என்ன பண்ணுவீங்க? இதுக்கு பொறுமையா பதில் சொல்ற இடம்னா பரவாயில்ல. ரெண்டாவது கருத்து வேணும்னா கடலூர்ல இருந்து பாண்டி பஸ் ஏறினா வழியிலயே தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு, கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு, பசங்க கண்ணுன்னு கேட்டு அந்த பிரிவுல காட்டுங்க, இதுக்காக சென்னை போக வேண்டிய அவசியம் இல்ல.

இப்ப உங்க வீட்டுக்காரர். பெரியவங்களுக்கு ஒண்ணுமே முடியாதுன்னு முன்னாடி சொல்லி அனுப்பிடுவாங்க, அது இப்ப அப்படியே சரின்னு சொல்ல முடியாது. 2005ல 7ல இருந்து 17 வயசு வரைக்கும் பாத்தாங்க, 12 வயசு வரைக்கும் பாதிக்கு மேல பசங்களுக்கு முன்னேற்றம் வந்தது, 13க்கு மேல போனவங்கள்ல முன்னாடி வைத்தியமே பண்ணாதவங்களுக்கு தான் பலன். 2011ல பெரியவங்கள நல்ல கண்ண மூடி வெச்சு வீடியோ கேம் ஆட விட்டப்ப கூட பார்வை ஏறுச்சு, ஆனா அது சின்ன ஸ்டடி. பெரியவங்களுக்கு இந்த மாதிரி பயிற்சியில சராசரியா ஒண்ணு ரெண்டு லைன் எதிர்பார்க்கலாம், 6/60ல இருக்கிறவர் 6/6க்கு வந்துடுவார்னு யாராவது சொன்னா அது வியாபாரம். இணையத்துல சூசன் பாரிங்கிற அமெரிக்க பேராசிரியை கதைய காட்டுவாங்க, 48 வயசுல தெரபி பண்ணி முதல் தடவையா முப்பரிமாணமா பாத்தவங்க. நடந்த கதை தான், ஆனா அவங்களுக்கு மாறுகண் இருந்ததே தவிர ரெண்டு கண்ணுலயும் நல்ல பார்வை இருந்தது, மாத்தி மாத்தி பாத்துட்டு இருந்தாங்க. உங்க வீட்டுக்காரர் கேஸ் அது இல்ல.

அவருக்கு இதுல ஆபத்தும் ஒண்ணு இருக்கு, சென்டர்ல சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். மாறுகண் இருக்கிறவருக்கு மூளை அந்த கண் படத்த அமுக்கி வெச்சிருக்கிறதால தான் ஒரு பொருள் ஒண்ணா தெரியுது. பயிற்சி குடுத்து அந்த அமுக்கல எடுத்துட்டு, ரெண்டு கண்ணும் ஒரே இடத்த பாக்காம போச்சுன்னா எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியும், சிலருக்கு அது திரும்ப போகவே போகாது, வண்டி ஓட்ட முடியாது, வேலை பாக்க முடியாது. அதனால மாறுகண் டாக்டர் ஒருத்தர் ப்ரிசம்ங்கிற, படத்த நகர்த்தி காட்டுற கண்ணாடிய வெச்சு சோதிச்சு இவருக்கு அந்த ரிஸ்க் எவ்ளோன்னு சொல்லாம ஒரு கேம் கூட ஆட வேணாம். மாறுகண்ண நேராக்குற ஆபரேஷன் எந்த வயசுலயும் பண்ணலாம், நேருக்கு நேர் பாத்து பேச தயங்குறவங்களுக்கு அது பெரிய விஷயம், பார்வை மட்டும் அதனால ஏறாது. லேசர் பண்ணா லேசி ஐ போயிடும்னு சொல்றதும் இல்லாத கதை.

அவர் சிப்காட்ல கம்பெனி வேலைன்னு எழுதியிருந்தீங்க. அவருக்கு நான் முதல்ல சொல்ற வைத்தியமே அந்த ஒரு நல்ல கண்ண காப்பாத்துறது தான். பவரே இல்லன்னாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்பவும் போடட்டும், வேலையில கண்டிப்பா காகிள்ஸ், வெல்டிங் பக்கம் வெறும் கண்ணோட நிக்க கூடாது, தீபாவளிக்கு பசங்களோட பட்டாசு கொளுத்தும்போதும் போட்டுக்கட்டும்.

பொண்ணுக்கு எவ்ளோ நாள் ஆகும்னும் கேட்டிருந்தீங்க, மாசக்கணக்கு, சிலருக்கு வருஷம் தாண்டும். 6/6 வந்த உடனே சந்தோஷத்துல பேட்ச்ச சடார்னு நிறுத்திடாதீங்க, நிறுத்தின முதல் வருஷத்துல நாலுல ஒரு குழந்தைக்கு மறுபடி இறங்குது, அதிக நேரம் ஒட்டினவங்க படிப்படியா குறைச்சு நிறுத்தினா அந்த ரிஸ்க் கம்மியாகுது. கண்ணாடி தொடரும், அது வேற கணக்கு.

கடைசியா சின்னவன். அக்காவுக்கு பவர் வித்தியாசம், அப்பாவுக்கு மாறுகண், அதனால அவனுக்கும் வர வாய்ப்பு மத்த பசங்கள விட கூட. எழுத்து படிக்க தெரியாத வயசுன்னாலும் சொட்டு மருந்து போட்டு டார்ச் மாதிரி ஒரு கருவிய வெச்சு பவர் பாத்துடலாம், அவன் வாய திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. பொண்ணோட அடுத்த ரிவ்யூவுக்கு போறப்பவே அவனையும் தூக்கிட்டு போயிடுங்க, சொட்டு மருந்து வேலை செய்ய நேரமாகும், காலையிலயே கிளம்புங்க, சாப்பாடு கையில இருக்கட்டும்.